முட்டை தின்ற ஜோடி

"மறுபடியும் தின்னுடுச்சும்மா. போட்ட முட்டையை அதுங்களே தின்னுடுச்சு."

தணிகாசலம் மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். வயது அறுபத்தாறு. கொளத்தூர் மொட்டை மாடியில் மீன் வளர்க்கும் மரியபுஷ்பம் அவருக்கு இருபது வயது இளையவள். ஆனாலும் பாடம் கேட்பது அவளிடம்தான்.

அவள் தொட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பார்த்ததும் எடுத்துத் தனி டப்பாவுல போடச் சொன்னேனே?"

"வீட்டுல அவளுக்கு மாத்திரை கொடுத்துட்டுத் திரும்புறேன், தொட்டிக் கண்ணாடியில ஒட்டியிருந்ததுல ஒண்ணுகூட இல்ல."

அவர் மனைவி எட்டு மாதமாகப் படுக்கையில். டாக்டர் கையை விரித்துவிட்டார். கட்டிலுக்கு எதிரே தொட்டி, அதில் ஒரு ஜோடி சின்ன அலங்காரக் கெளுத்தி மீன். ஒரு குஞ்சாவது ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"தின்ன பிறகு என்ன செஞ்சீங்க?"

"தீனியை நிறுத்திட்டேன்."

"எத்தனை நாளு?"

"ஒரு வாரம். போன தடவையும் அப்படித்தான், அதுக்கு முந்தியும் அப்படித்தான். செஞ்சது தப்புன்னு தெரிய வேணாமா?"

"அடிக்கலையா?"

"தண்ணிக்குள்ள எப்படிம்மா அடிக்கிறது?" என்றார் அவர். நிஜமாகவே யோசித்திருந்தார்.

"ஜோடியை எங்கிட்ட கொண்டாங்க."

மறுநாள் கவரில் கொண்டுவந்தார். இரண்டுக்கும் வயிறு ஒட்டிக் கிடந்தது. அவள் ஒரு தொட்டியில் விட்டு, ஒரு கை புழு போட்டாள். இரண்டும் மணலில் மூஞ்சி புதைத்துத் தின்றன.

தணிகாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுங்களுக்கு விருந்து வேறயா?"

அவள் இன்னொரு கை போட்டாள்.

"அக்காவை உங்க மகன் வந்து பார்த்தாரா?"

"அவன் வாசப்படி மிதிக்கக் கூடாது. அவன் தங்கச்சி கல்யாணத்துல, பந்தியில, அத்தனை பேர் முன்னாடி என்னை 'யோவ்'னு கூப்பிட்டான். பதினோரு வருஷமாச்சு."

"அக்கா கேக்கலையா?"

"அதெல்லாம் கேக்க மாட்டா. மீன்குஞ்சுதான் கேட்டா."

மரியபுஷ்பம் அவரை ஒரு தரம் பார்த்தாள். "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றாள்.

வந்தார். முந்தின நாள் அவள் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் மாற்றியிருந்தாள், மழை வந்ததென்று நினைத்து முட்டையிடட்டும் என்று. கண்ணாடி முழுக்க ஜவ்வரிசி மாதிரி முட்டைகள். வயிறு நிறைந்த ஜோடி கீழே மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. முட்டைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவள் ஒவ்வொரு முட்டையாக விரல் நுனியால் உருட்டி எடுத்து டப்பாவில் விட்டாள். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் காய்ந்த பாதாம் இலை ஒரு துண்டு போட்டாள்.

"நாலஞ்சு நாள்ல பொரிஞ்சிடும். வெளுத்துப்போனதை அப்பப்ப எடுத்துடுங்க, பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"ஜோடியையும் பிடிச்சுக் கொடும்மா."

"அது இங்கயே இருக்கட்டும்ணா."

"இது என்ன நியாயம்? என் மீனு! இனிமே பட்டினி போட மாட்டேன். பழசெல்லாம் மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"சத்தியமா."

"முதல் தடவை எத்தனை முட்டை தின்னுச்சு?"

"முப்பத்தாறு."

"ரெண்டாவது?"

"நாப்பத்தொண்ணு. வெள்ளிக்கிழமை காலையில. பொட்டைதான் முதல்ல வாய் வச்சுது, அதைப் பார்த்து ஆண்..."

சட்டென்று டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அவள் தொட்டியை மூடினாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள்.

"மகன் நம்பர் சொல்லுங்க."

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

முட்டைக் கணக்கெல்லாம் நின்ற நினைவில் மகன் நம்பரில் ஒரு இலக்கம்கூட இல்லை.