பாட்டு கேட்காத இடம்

ஹெப்சிபா மாஸ்டரிடம் கேள்வி கேட்கிறவர்கள் யோசித்துத்தான் கேட்பார்கள். பதில் லேசில் வாயால் வராது. ஏதாவது வேலை ஏவிவிடுவார். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தேவாலயத்தில் அவர்தான் பாடகர் குழுவை நடத்துகிறவர். பெண்பிள்ளைதான், ஆனாலும் கிழவர் முதல் குழந்தை வரை எல்லாருக்கும் அவர் மாஸ்டர்.

அந்தக் குழுவில், கனத்த அடிச்சத்தம் கொடுக்கிற பேஸ் கிட்டாரை வாசிக்கிறவர் வேதமாணிக்கம். வயதில் மாஸ்டருக்கு நன்றாகவே மூத்தவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவில் சேரப் போனார். லீட் கிட்டாருக்கு அங்கே அடிதடி. மூலையில் சாத்தியிருந்த பேஸைத்தான் சீந்த ஆளில்லை. அதை எடுத்து மாட்டினார். அன்று தொட்டதை அப்புறம் விடவே இல்லை.

முதல் கிட்டார் ஒட்டுப்பலகையில் செய்தது. ஐப்பசி மழை வந்தால் அதன் கழுத்து வளைந்துகொள்ளும். அடுத்தது, கப்பலில் வாசித்துவிட்டு ஊர் திரும்பிய தூத்துக்குடிக்காரர் ஒருவரிடம் வாங்கிய நாலு கம்பி. ஓய்வு பெற்றபோது ஐந்து கம்பி. சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியின் கதை இன்னும் விசேஷம். மைக்செட்காரர் கழித்துப்போட்ட பெட்டியில் ஆரம்பித்து முழங்காலளவு, இடுப்பளவு என்று வளர்ந்துகொண்டே போனது.

"வீட்டுல யானையக் கட்டித் தீனி போடுதிய," என்பாள் அவர் மனைவி லில்லி. திட்டுவாளே தவிர, உட்கார்ந்து கேட்பாள். அவருடைய வாசிப்பைக் கேட்டேன் என்று சொன்ன ஒரே ஜீவன் அவள்தான். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிறகுதான் மார்பளவுப் பெட்டியை வாங்கினார். அந்த வீட்டில் இப்போது பெட்டியும் அவரும்தான். தட்டை அதன் மேல் வைத்து நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார். பாவம், வேறு யார் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது?

அந்த வருஷ அசனப் பண்டிகை வந்தது. ஊரே கூடிப் பெரிய அண்டாக்களில் சமைத்து ஒன்றாகச் சாப்பிடும் பண்டிகை. பாட்டுப் பயிற்சி தொடங்கியது. வேதமாணிக்கம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் வழக்கம்போல் முதுகு படும்படி நின்றார். தன் வாசிப்பு தனக்குக் கேட்கவில்லை. சத்தத்தைத் திருகினார். அப்போதும் கேட்கவில்லை. இன்னும் திருகினார்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, சன்னல் கண்ணாடியெல்லாம் அதிருது! போதும், விட்ருங்க!"

பேஸ் வாசிக்கிறவர்கள் பாதிப் பேர் செய்கிற தப்புதான் இது. அந்தக் கனத்த சத்தம் பெட்டியை ஒட்டி நிற்கிறவனுக்குச் சரியாகக் கேட்காது, தள்ளி இருக்கிறவனைத்தான் போய்ப் பிடிக்கும். வேதமாணிக்கம் ஒரு நாளும் தள்ளி நின்றதில்லை. பெட்டியைத்தான் பெரிசாக்கினார்.

இடைவேளையில் டீயைக்கூடக் குடிக்காமல் மாஸ்டர் முன்னால் வந்து நின்றார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"பண்டிகையில நான் தனியா வாசிக்க ஒரு இடம் குடுங்க. எல்லாரும் நிறுத்திரணும். நான் மட்டும்."

"எதுக்கு?"

"இத்தன வருஷமா வாசிக்கேன். 'அந்த ஓரத்துல நிக்கவரு சும்மாவா நிக்காரு?'ன்னு கல்யாண வீட்டுல கேப்பாங்க. அப்பம்லாம் சிரிச்சுக்கிடுவேன். லில்லி போன பொறவு சிரிப்பு வரமாட்டேங்கு. நான் யாருக்கு வாசிக்கேன் மாஸ்டர்? அதச் சொல்லிருங்க. இல்லன்னா இந்தப் பண்டிகையோட எல்லாத்தையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டு, கையக் கட்டிட்டு இருந்துக்கிடுதேன்."

மனுஷன் வீம்புக்குக் கேட்கவில்லை, தாங்க முடியாமல் கேட்டார்.

மாஸ்டர் தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கிட்டாரக் குடுங்க."

வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். சத்தத்தைப் பாதிக்குக் குறைத்தார்.

"ஒரு பாட்டுக்கு உங்க பகுதிய நான் வாசிக்கேன். நீங்க நடங்க."

"எங்க?"

"பாட்டு கேக்காத இடம் வரைக்கும்."

"அங்க போயி?"

"என்ன கேட்டுச்சுன்னு வந்து சொல்லுங்க."

இதென்னடா கூத்து என்று முனகிக்கொண்டே வேதமாணிக்கம் நடந்தார்.

வாசலைத் தாண்டியதும் வார்த்தைகள் புரியவில்லை. சைக்கிள் கொட்டகையைத் தாண்டியதும் லீட் கிட்டார் போனது. தெரு முனையில் கீபோர்டும் போனது. அதற்கப்பால் பள்ளிக்கூட மைதானம், லீவு நாள், வெறிச்சென்று கிடந்தது. நடுவில் போய் நின்றார். பாட்டு சுத்தமாக இல்லை.

சரி, வந்த வேலை முடிந்தது என்று திரும்பினார். அப்போதுதான் தெரிந்தது. தும்... தும், தும்... காதில் விழுகிறதா, காலடியில் வருகிறதா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் எங்கே இறங்கும், எங்கே மூச்சு விடும் என்று எல்லாம் தெரிந்தது. கை மாஸ்டருடையது, ஆனால் அவர் இத்தனை வருஷம் வாசித்த பகுதிதான் அது. இப்படித் தள்ளி நின்று அவர் அதைக் கேட்டதே இல்லை.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். வெயில் இறங்கிவிட்டது.

அவர் திரும்பி வந்தபோது குழுவில் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மட்டும் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன கேட்டுச்சு அண்ணாச்சி?"

"பாட்டு தேஞ்சே போச்சு மாஸ்டர். இது ஒண்ணுதான் அங்க வரைக்கும் வந்துச்சு."

"அங்க யாரு இருந்தா?"

"ஈ காக்கா இல்ல. நான் ஒத்தையில நின்னேன்."

"ஒரு பாட்டுக்குத்தான அனுப்புனேன். ஏன் இவ்வளவு நேரம்?"

வேதமாணிக்கம் தரையைப் பார்த்தார்.

"வர மனசில்ல. கூட யாரோ நிக்க மாதிரியே இருந்துச்சு."

மாஸ்டர் எழுந்து கிட்டாரைக் கழற்றி அவர் தோளில் மாட்டிவிட்டார்.

"யாருக்கு வாசிக்கேன்னு கேட்டியல்லா? அங்க ஒத்தையில நின்ன ஆளுக்குத்தான்."