ஸ்டிக்கர் ஒட்டின கம்ப்யூட்டர்

பரோட்டா மாஸ்டர் இருதயராஜுக்கு ஒரே ஓர் ஆசை: கார் ரேஸ் கேம் திக்காமல் திணறாமல் ஓட வேண்டும். பன்னிரண்டாயிரம் சேர்த்துக்கொண்டு, கம்ப்யூட்டரை மானிட்டரோடு ஆட்டோவில் ஏற்றி, போன வருஷம் கேம் படம் வேகமாக ஓடுவதற்கென்று கிராபிக்ஸ் கார்டு வாங்கிய அதே கடைக்கு வந்தார்.

கடை முதலாளி குலசேகரன் சிரித்தார். “இந்தக் காசுக்குக் கார்டு வராது, அது வர்ற அட்டைப்பெட்டிதான் வரும். அறுபதாயிரம் எடுத்துட்டு வாங்க!”

ரிப்பேர் மேஜையிலிருந்த முபீனா, “பழைய கார்டை ஒரு தடவை பார்த்துடலாமே சார்” என்றாள்.

“ஓஹோ! அப்போ அவர் காசுக்குள்ளயே நீ ஓட வை. முடியலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

தன்னால் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண் விழப்போகிறதே என்று இருதயராஜுக்குப் பகீரென்றது.

முபீனா கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் திரும்பினாள். “காசே வேண்டாம் சார். வயர் மேல ஒட்டியிருக்கிற இந்த ஸ்டிக்கரை மட்டும் நீங்களே பிரிச்சுக் கொடுங்க. ‘பிரித்தால் வாரண்டி கிடையாது’ன்னு உங்க கையெழுத்தோட இருக்கு.”

முதலாளி பிரித்தார். மானிட்டர் வயரைப் பிடுங்கி, நாலு விரல் தள்ளிச் செருகினாள். திரையில் கார் பறந்தது!

“என்ன செஞ்சே?” என்றார் முதலாளி.

“வயரைக் கார்டுல செருகாம மதர்போர்டுல செருகியிருக்கு சார். வருஷம் பூரா கார்டு சும்மா கிடந்திருக்கு. வீட்டுக்கே போய் மாட்டினதும் நீங்கதான், யாரும் தொடக் கூடாதுன்னு ஸ்டிக்கர் ஒட்டினதும் நீங்கதான்.”

இருதயராஜ் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் மதியம் கடைக்குச் சுடச்சுட ஒரு பரோட்டாப் பொட்டலம் வந்தது. வாசனை பிடித்துக் கை நீட்டிய முதலாளி, மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார்.

“முபீனாவைத் தவிர யார் பிரித்தாலும் வாரண்டி கிடையாது.”