எண்ணெய்க் கடையின் முதல் போணி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கோயில் மடைப்பள்ளி கோமளம் மாமி. என் பெரிய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஐப்பசி மாதம் அது.

மருதங்கோட்டு நாட்டைச் செண்பகவர்மன் என்றொரு ராஜா ஆண்ட காலம். நினைத்தால் சிரிப்பார், நினைத்தால் சீறுவார். அவர் சபையில் எண்ணெய் வியாபாரி நாகப்பெருமானுக்குத் தனி மரியாதை. ஊருக்கே அவர் கடை ஒன்றுதான். வேறு யாராவது கடை திறந்தால், அவர்கள் மூடும்வரை பாதி விலைக்கு விற்பார். மூடியதும் இரட்டிப்பாக ஏற்றுவார்.

ஒருநாள் ராஜா கேட்டார்: "என் ஆணை இல்லாமலே ஒருத்தன் சந்தை முழுவதையும் வளைக்க முடியுமா?"

"என்னைப் பாருங்கள் மகாராஜா! உங்களிடம் ஓர் ஓலைகூட வாங்கியதில்லை. எல்லாம் என் சாமர்த்தியம்" என்று மீசையைத் தடவினார் நாகப்பெருமான்.

முறையிட வந்திருந்த செக்குக்காரி ஆவுடையாளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு தடவை கடை போட்டு, இரண்டு தடவையும் மூடியவள் அவள்.

"வளைக்கலாம் மகாராஜா. வளைச்சதைக் காப்பாத்தத்தான் முடியாது. மூணாந்தரம் கடை போடுதேன், பாருங்க."

"போடு! அமாவாசைவரை திறந்திருந்தால் கேட்டதைத் தருவேன். மூடினால் உன் செக்கு நாகப்பெருமானுக்கு" என்றார் ராஜா.

அந்தச் செக்குதான் ஆவுடையாளுக்குச் சோறு. ஈசுவரனைக் கும்பிட்டுக் கடை திறந்தாள். உடனே நாகப்பெருமான், "நாளை முதல் பாதி விலை!" என்று தண்டோரா போட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் கடையைத் திறந்தால், வாசலில் ஆவுடையாள். பின்னால் பத்து வண்டி, கையில் காசோடு பக்கத்து நாட்டு வியாபாரிகள்.

"அண்ணாச்சி, முதல் போணி நான்தான். இருக்கிற எண்ணெய் அத்தனையும் குடுங்க."

"உனக்கா? போ, போ!"

"முதல் போணியை மறுத்தா மகாலட்சுமி படி இறங்கிருவாளே. பரவாயில்லையா?"

நாகப்பெருமான் நம்பாத சாமி உண்டு, நம்பாத சகுனம் கிடையாது. அளந்து கொடுத்தார். மறுநாளும் அவளே முதல் போணி. அதற்கு மறுநாளும் அவளே. பாதி விலை எண்ணெயெல்லாம் எல்லை தாண்டிப் போயிற்று. அவர் கடையில் வெறும் ஜாடி. விலையை ஏற்றினாலோ, ஊரே நியாய விலைக்கு ஆவுடையாள் கடையில் நின்றது.

அமாவாசைக்கு முன்பே நாகப்பெருமான் சபைக்கு ஓடிவந்தார். "மகாராஜா! என்னைத் தவிர யாரும் எண்ணெய் விற்கக் கூடாதென்று ஓர் ஓலை எழுதிக் கொடுங்கள்!"

சபை கொல்லென்று சிரித்தது.

"சாமர்த்தியம் தீர்ந்துபோச்சா, ஓய்?" என்றார் ராஜா. நாகப்பெருமான் தலைகுனிந்தார். "ஆவுடை, நீ ஜெயித்தாய். என்ன வேண்டும்?"

அவள் நிமிர்ந்து நின்றாள். "அந்த ஓலையை யாருக்கும் எழுதாதீங்க மகாராஜா. எனக்கும் கூடத்தான்."

ராஜா எழுந்து, தன் பட்டுச் சால்வையை அவள் கையில் கொடுத்தார்.

உங்கள் தெருவில் யாராவது புதிதாகக் கடை போட்டிருந்தால், நாளைக்கு அவரிடம் ஏதாவது ஒன்று வாங்குங்கள்.