ஜெபராணி அழித்த தடம்

டென்னிஸ் தெரியாது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த வழக்கைத் தீர்க்கப் பந்தடிக்கத் தெரிய வேண்டியதில்லை. மனிதர்களைக் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

பாளையங்கோட்டை ஜெபராணி தொழில்முறை ஆட்டக்காரி. இளமை முழுவதையும் ஐரோப்பாவின் களிமண் தரைகளில் கழித்தவள். இறுதியாட்டம் வரை போவாள், தோற்றுத் திரும்புவாள். ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு கோப்பைகூட அவள் கைக்கு வரவில்லை. அப்பா ஞானதுரை வேலையை உதறிவிட்டு ஊர் ஊராக அவளுடனே அலைந்தவர். அவள் ஆடாத நாளிலும் களத்தோரம் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைக் கண்கொட்டாமல் பார்ப்பார். கடைசியில் அவளுக்கு முழங்கால் போயிற்று. சொந்த ஊரில் ஒரு போட்டி ஆடிவிட்டு ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்தாள்.

ஊர்க் கிளப்பில் அதுவரை சிமெண்ட் தரைதான். அந்த வருடம்தான் பெருமைக்காகக் களிமண் தரை போட்டிருந்தார்கள். நடுவர் ஹமீதுக்கும் கிளப் செயலாளர் உலகநாதனுக்கும் அது புதுசு. களிமண்ணில் பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். உயரத்திலிருந்து விழுந்த பந்து வட்டமாகப் பதியும். தாழ்வாகச் சீறி வந்தது நீளமாக இழுத்துக்கொண்டு போகும். தடம் கோட்டை இம்மியளவு தொட்டாலும் பந்து உள்ளே என்றுதான் கணக்கு.

இறுதியாட்டத்தில் எதிரே நின்றவள் சென்னைப் பெண் மிருதுளா. அவள் சிமெண்ட் தரையிலேயே ஆடி வளர்ந்தவள். ஆட்டம் இழுபறியாகப் போய், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை ஜெபராணிக்கு என்ற கட்டம் வந்தது. 

ஜெபராணி வலையருகே ஓடி வந்தாள். மிருதுளா பந்தை அவள் தலைக்கு மேலே வானத்துக்குத் தூக்கி அடித்தாள். ஜெபராணி திரும்பி ஓடியும் எட்டவில்லை. பந்து கடைக்கோட்டருகே விழுந்தது. கோட்டு நடுவர் கையை நீட்டி, "அவுட்!" என்று கத்தினார்.

அரங்கமே எழுந்து ஆடியது. ஞானதுரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஏட்டி ஜெபா, போய்க் கை குடு! ஜெயிச்சாச்சு!"

"சார், தடத்தைப் பாருங்க!" என்று மிருதுளா வலைக்கு அப்பாலிருந்து கத்தினாள். ஹமீது உயரமான நாற்காலியிலிருந்து இறங்கத் தொடங்கினார்.

கடைக்கோட்டருகே இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்று நீளமானது, கோட்டுக்கு நன்றாக வெளியே. மற்றது வட்டமானது, விளிம்பு கோட்டில். ஜெபராணி குனிந்து பார்த்தாள். நடுவர் வந்து சேருமுன் வட்டத் தடத்தைக் காலால் தேய்த்து அழித்தாள். யாரையும் பார்க்காமல் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு, சர்வீஸ் போடும் இடத்தில் போய் நின்றாள். அழுகை முட்டும்போது அவளுக்கு வாய் திறக்காது.

ஒரே கூச்சல். உலகநாதன் களத்துக்குள் ஓடி வந்தார். "சாட்சியையே அழிச்சிட்டாங்களே! போட்டிய விட்டே வெளியேத்துங்க சார்!"

மிருதுளா வலையைச் சுற்றிக்கொண்டு நடுவரிடம் ஓடி வந்தாள். "பந்து உள்ளதான் சார் விழுந்துச்சு. அதனாலதான் அழிச்சாங்க. ஏமாத்தறாங்க! பாயிண்ட் என்னோடது."

ஞானதுரை நீளத் தடத்தைச் சுட்டிக்காட்டினார். "இந்தா கிடக்குல்லா தடம், கோட்டுக்கு வெளிய! அவ பதட்டத்துல காலை இழுத்துட்டா, அவ்வளவுதான். கப்பைக் குடுங்க சார்."

ஹமீது அழிந்த இடத்தையும் நீளத் தடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள்: ஜெபராணி அந்தத் தடத்தை அழித்தது எதற்காக? பேசிய மூவரில் தெரிந்தே தவறு செய்தவர் யார்?

விடை: ஏமாற்ற நினைத்தவள் எதையும் அழிக்க வேண்டியதில்லை. தீர்ப்பு ஏற்கெனவே அவள் பக்கம். நீளத் தடத்தைக் காட்டிவிட்டுக் கை குலுக்கப் போயிருந்தால் கோப்பை அவளுக்குத்தான். வானத்திலிருந்து விழுந்த பந்தின் தடம் வட்டமானது, அது கோட்டைத் தொட்டிருந்தது. களிமண்ணில் ஆடுகிறவர்கள் அப்படிப்பட்ட தடத்தைத் தாங்களே காலால் அழித்தால், 'பந்து உள்ளே, புள்ளி உனக்கு' என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஆட்டம் முடியவில்லை என்று தெரிந்துதான் அவள் சர்வீஸ் போடப் போனாள். செயலாளரும் மிருதுளாவும் வழக்கம் தெரியாமல் பேசினார்கள். அந்த மைதானத்தில் அது தெரிந்த இன்னொருவர், வருடக்கணக்காகக் களிமண் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஞானதுரை மட்டுமே. தெரிந்தேதான் அவர், முன்பு எப்போதோ தாழ்வாக வந்து விழுந்த வேறொரு பந்தின் நீளத் தடத்தைக் காட்டினார். ஹமீது கேட்டபோது ஜெபராணி, "பந்து உள்ளதான் சார்" என்றாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பின் ஆட்டம் கைமாறி, கோப்பை மிருதுளாவுக்குப் போனது. "சும்மா நின்னிருந்தாலே போதுமேட்டி" என்று வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா அழுதார். அவள் சொன்னாள்: "எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஜெயிச்சிருந்தா நாம ரெண்டு பேரும் எப்படிப்பா மூஞ்சியப் பாத்துக்கிடுறது?"