தெய்வானை புட்டியில் போட்ட சிலந்தி

ஒரு ஊர்ல ஒரு காலேஜ் டீச்சர் இருந்தா. பேரு தெய்வானை. ஊரே சிலந்தியக் கண்டா வெளக்குமாத்த எடுக்கும், அவ பூதக்கண்ணாடிய எடுப்பா. ம் சொல்லு கண்ணு.

"ம்."

அப்போ ஒருநா, மலை ஓடைக்கரையில மூங்கில் புதர்ல ஒரு வலை. வண்டிச்சக்கரமாட்ட வட்டம், ஆனா தோசையில ஒரு துண்டு பிச்சாப்ல ஒரு பக்கம் மட்டும் காலி. ஓரத்துல பச்சையா ஒரு சிலந்தி. நம்மள எந்தக் கூட்டம், எந்தக் குலம்னு கேக்கறாங்கல்ல, சிலந்திக்கும் கூட்டம் உண்டு. வட்டவலை பின்றதுலயே எத்தனையோ கூட்டம். இது எதுன்னு அவளுக்குப் புரியல. குடுகுடுன்னு ஓடி அவளுக்குச் சிலந்திப் பாடம் சொல்லிக்குடுத்த பெரிய சார் ஞானதுரைகிட்டச் சொன்னா.

"பாத்தது போதாது அம்மணி. புட்டியில போட்டுக் கொண்டா."

"ஒண்ணுதான் சார் இருக்கு."

"ஒண்ணு இருந்தா ஒம்பது இருக்கும்."

அப்புறம் அவ அதப் பிடிச்சு, கெடாம இருக்க ஸ்பிரிட்டுல சொளக்குனு விட்டா. எட்டுக் காலும் ஒண்ணொண்ணா மடங்குச்சு.

"வலிச்சுதா பெரிம்மா?"

வலிச்சிருக்கும்.

அப்புறம் சார் பூதக்கண்ணாடியில பாத்தார். எட்டுக் கண்ணும் நிக்கிற வரிசை, வயித்தடி, எதுவும் தெரிஞ்ச கூட்டத்தோட சேரல. புத்தகத்தையெல்லாம் பொரட்டிப் பாத்துட்டுச் சொன்னார், "புதுக் கூட்டம்தான் போல. ஆனா இது பொம்பள. ஆம்பளையும் கிடைச்சாத்தான் அடிச்சுச் சொல்லலாம்."

ஆம்பளையத் தேடி மொத தடவ ஓடைக்கரைக்குப் போனா. சோன்னு மழை. வலையே இல்ல. ரெண்டாந்தடவ போனா. ஒரு இலையடியில சிலந்தி உரிச்சுப்போட்ட சட்டை மட்டும் காத்துல ஆடுது. ஆம்பளையோ பொம்பளையோ, தெரியல. ஆனா இங்கதான் இருக்குன்னு அவளுக்கு ஒரே சந்தோஷம். தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

மூணாந்தடவ போனா. டர்ர்ர்னு சத்தம். ரோடு போட மண்ணுத் தோண்டுற மிஷின். ஓடைக்கரையே செவசெவன்னு கிடக்குது. டிரைவர் மிஷின நிறுத்துனான்.

"என்னங்கக்கா தேடறீங்க?"

"இங்க மூங்கில் புதர் இருந்துச்சே."

"நேத்தே தள்ளியாச்சுங்க."

அவ மண்ணுக்குவியல கையால கிளறுனா. அவனும் எறங்கி வந்து கிளறுனான், என்னன்னே தெரியாம. பொழுது எறங்குற வரைக்கும் கிளறுனாங்க. வேரும் சேறுந்தான் வந்துச்சு.

அப்புறம் சார் சொன்னார், "அந்த ஒண்ண வெச்சே புதுக் கூட்டம்னு எழுதிடலாம். உம்பேரையே அதுக்கு வெப்போமா?"

"வேண்டாம் சார்."

"ஏம்மா?"

"இருந்த ஒண்ணையும் பிடிச்சுப் புட்டியில போட்டதே நான்தானே சார்."

சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சார். அதுக்கப்புறம் தெய்வானை மலைக்கே போகல. சாப்பாடு ஆறிக் கிடக்கும், சும்மா உக்காந்திருப்பா.

"வேற எங்கியும் இல்லியா பெரிம்மா?"

மத்தவங்க போய்த் தேடுனாங்க கண்ணு. கிடைக்கல.

அவ்ளோதான். கதை படுத்துடுச்சு, நீயும் படு.