தன்னைத் தானே தூக்கிக்கொண்ட ராஜா

மாதம் மும்மாரி பெய்த காலத்தில், ஆற்றங்கரையில் செம்பாறை நாட்டை மங்கலவர்மன் என்றொரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் பிடித்தால் பிடித்த பிடி.

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் அவருக்கு மனசு ஒரு நிலையில் இருக்காது. சின்ன வயசில் அம்மா அவரைக் கோபுர மாடத்துக்குக் கூட்டிப்போய், வாயில் காப்பரிசி போட்டு, "பாருடா கண்ணு, புதுவெள்ளம்" என்று காட்டுவாள். அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். முட்டிவலி வந்தபின் ஆறு வருஷமாய் மாடமும் இல்லை. அந்தச் சுற்றுப்படியில் பல்லக்கும் நுழையாது.

"இந்த ஆடிக்கு நான் மேலே போயாகணும்," என்றார் சபையில். "நாலு பேர் சேர்ந்து மூட்டை மாதிரி தூக்கக் கூடாது. ஒரே ஆளின் கைபலத்தில் ஏறணும். வழி சொல்கிறவருக்கே மந்திரி மோதிரம்."

மோதிரம் அதுவரை கிழமந்திரி சிவந்தியப்பர் விரலில் இருந்தது. அதன்மேல் வெகுநாளாய்க் கண்வைத்திருந்த தளபதி வல்லபராயன் முந்திக்கொண்டான். "மாடத்து உத்திரத்தில் கிணற்று ராட்டினத்தைக் கட்டுவோம். கயிற்றின் ஒரு முனையில் பலகை, மறுமுனையில் நான். மகாராஜா பூப்போல மேலே போவார்."

"இடுப்பில் மட்டும் கட்டிக்கொள்ளாதீர்," என்றார் சிவந்தியப்பர். கேட்டால்தானே!

ராஜா யானைமேடையில் முக்கி முனகி ஏறி, அங்கிருந்து பலகையில் உட்கார்ந்தார். அவர் பாரம்தான் ஊரறிந்ததாயிற்றே. பலகை தரைக்கு வந்தது, தளபதி அந்தரத்தில் தொங்கினான்.

"மகாராஜா எழுந்துவிடாதீர்கள்," என்றார் மந்திரி. "நீங்கள் எழுந்தால் தளபதி விழுந்துவிடுவார்."

ஏணி வைத்து அவனை இறக்கினார்கள். "சிரித்தது போதும், உம் வழி என்ன?" என்று ராஜா மந்திரியிடம் சிடுசிடுத்தார்.

"அதே ராட்டினம், அதே கயிறுதான். மறுமுனையை உங்கள் கையில் கொடுக்கிறேன்."

"அந்தத் தடியனாலேயே ஆகவில்லை, என்னாலா ஆகும்?"

"அவர் தரையில் நின்றார். உங்கள் முழுப் பாரத்துக்கும் அவரே ஈடுகொடுக்கணும். பலகையில் உட்கார்ந்து நீங்களே இழுத்தால், பலகைக் கயிறு பாதி, கையில் இருக்கிற கயிறு பாதி என்று உங்களைப் பங்கு போட்டுத் தாங்கும். தினமும் கர்லாக்கட்டை சுற்றுகிற கை பாதிப் பாரத்தை இழுக்காதா? களைத்தால் கயிற்றைப் பலகை முளையில் சுற்றிவிட்டு மூச்சு வாங்குங்கள்."

ராஜா நம்பாமல்தான் இழுத்தார். பலகை ஒரு சாண் எழும்பியது. இழுத்தார், சுற்றினார், மூச்சு வாங்கினார், மறுபடி இழுத்தார். மேலே காவலாள் பலகையைப் பிடித்து மாடத்துக்குள் சேர்த்தான்.

"மோதிரம் உம்மிடமே இருக்கட்டும்," என்று ராஜா கீழே குனிந்து கத்தினார். "தளபதி, வருஷா வருஷம் ராட்டினத்துக்கு விளக்கெண்ணெய் போடுவது இனி உம் வேலை."

திரும்பியபோது பலகையில் ஒரு சின்னத் துணிமுடிச்சு கட்டியிருந்ததைப் பார்த்தார். அவிழ்த்தால் காப்பரிசி. இது அந்தக் கிழவர் வேலைதான்.

ஆற்றில் செந்தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ராஜா ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டார்.

"அம்மா," என்றார், "இந்தத் தடவை நானே ஏறி வந்துட்டேன்."