பாசி பிடித்த இங்கிலீஷ்

இங்கிலீஷ் தெரியாதவர்கள் புளியங்குளத்தில் நிறையப் பேர் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரியாது என்பதைப் பலகை எழுதி மாட்டியவர் ஏகாம்பரம் ஒருவர்தான். ‘இங்கிலீஷ் இலக்கண இலக்கிய வீட்டுப்பாட உதவி நிலையம்’ என்றது பலகை. தமக்கு உதவியாக மச்சான் பூவராகனையும், மச்சானுக்கு உதவியாக நாகலிங்கத்தையும் வைத்துக்கொண்டார். மூவர் மூளையையும் ஒரு தீப்பெட்டியில் வைத்தால் குச்சிகளுக்கும் இடம் இருக்கும்.

கவிதையின் பொருளை எழுதச் சொன்னதற்கு, ‘படகு ஒன்று, துடுப்பு ஒன்று’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் பாதிப் பிள்ளைகள் நின்றுபோனார்கள். மீதிப் பாதி எதற்கு நின்றது என்று கேட்காதீர்கள். கடைசியில் ஒன்பதாம் வகுப்பு செவ்வந்தி மட்டும் மிஞ்சினாள். “இந்த வீட்டுப்பாடமும் தப்பாச்சுன்னா இவளையும் நிறுத்திடுவேன் சார்” என்று அவள் அம்மா கோமளா சொல்லிவிட்டாள்.

ஏகாம்பரம் வாசலுக்குப் போய்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பலகையை இறக்கிவிட்டால் அவரை யார் ‘சார்’ என்று கூப்பிடுவார்கள்?

“பூனை எலியைக் கொன்றதுன்னு இங்கிலீஷ்ல இருக்கு சார்” என்றாள் செவ்வந்தி. “இதை ஆக்டிவ் வாய்ஸ்ல இருந்து பாசிவ் வாய்ஸுக்கு மாத்தணும்.”

“வாய்ஸ்னா குரல்” என்றார் ஏகாம்பரம், கண்ணை மூடிக்கொண்டு.

“அப்ப பாசிவ், மாமா?” என்றார் பூவராகன்.

“நீயே சொல்லு. ஓடுற தண்ணியில பாசி பிடிக்குமா?”

“பிடிக்காது.”

“அதான் ஆக்டிவ். நிக்கிற தண்ணி?”

“பிடிக்கும்!”

“அதான் பாசிவ். பாப்பா குரலுக்குப் பாசி பிடிக்கணும்.”

தம் அறிவை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

செவ்வந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த வாயில் குச்சி ஐஸை வைத்தார்கள். ஒன்று கரைந்ததும் அடுத்தது. கடைசியில் பிள்ளை அந்த வாக்கியத்தைப் படித்தபோது, பூனையும் எலியும் சேர்ந்து இருமியது போல இருந்தது.

“குரல் மாறிடுச்சு சார்” என்றார் நாகலிங்கம். “ஆனா டீச்சர் நோட்டைத்தானே பார்ப்பாங்க?”

நியாயமான கேள்வி. நீண்ட யோசனைக்குப் பிறகு பூவராகன் குளத்தில் இறங்கி, ஒரு வாளி பாசி அள்ளி வந்தார். நோட்டில் அந்த வாக்கியத்தின் மேல் மூவரும் அதைப் பூசினார்கள். கைக்கு நல்ல பதமாக ஒட்டியது.

மறுநாள் சாயங்காலம் பச்சை நோட்டைத் தூக்கிக்கொண்டு கோமளா வந்தாள்.

“படிச்சவங்களாய்யா நீங்க? பிள்ளைக்குத் தொண்டை கட்டி ஜுரம்! நோட்டுல நத்தை ஊருது! டீச்சர் கையைக் கழுவிட்டு முட்டை போட்டிருக்காங்க! இனிமே என் பொண்ணு இந்த வாசப்படி மிதிக்க மாட்டா!”

தெருவே கூடிவிட்டது. கோமளா விடவில்லை. ஏகாம்பரத்தின் பரம்பரையில் ஒருவர் விடாமல் இழுத்து வைத்துத் திட்டினாள். திட்டத் திட்டத் தொண்டை கம்மி, கடைசியில் வெறும் காற்றுத்தான் வந்தது.

அதுவரை தலை குனிந்து நின்ற ஏகாம்பரம் மெல்ல நிமிர்ந்தார்.

“மச்சான், கேட்டியா? ஐஸும் இல்லே, பாசியும் இல்லே, தானாவே வாய்ஸை மாத்திட்டாங்க!”

பூவராகன் பலமாகக் கைதட்டினார். ஏகாம்பரம் சிவப்புப் பேனாவை எடுத்து, கோமளாவின் கையிலிருந்த நோட்டில் பத்துக்குப் பத்து போட்டார்.

“பொண்ணை நிறுத்திக்குங்கம்மா, பரவாயில்லே. நாளையிலேருந்து நீங்க வாங்க.”